வேறு விசேஷம் ஒன்றுமில்லை

கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன முதல் வாரத்தில் என்னிடம் வைத்தியத்துக்கு வந்த முதல் நோயாளி ஓர் எருமை. மாமனார்தான் கொட்டகைக்கு அழைத்துப் போய்க் காட்டினார். மடி வீங்கியிருந்தது. "நான் மனுஷங்களுக்குத்தான் படிச்சிருக்கேன் மாமா" என்றேன். "மாட்டுக்கும் மனுசனுக்கும் ரத்தம் செவப்புதானம்மா, சும்மா பாரு" என்றார். பார்த்தேன். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னேன். எருமை தேறிவிட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் என் படிப்பைப் பற்றி யாருக்கும் சந்தேகமும் வரவில்லை, அக்கறையும் வரவில்லை.

எழுபதுகளின் கடைசி. உத்திரமேரூரில் காவாந்தண்டலம் பக்கம் போகிற பஸ்ஸைப் பிடித்து, ஏரிக்கரைத் திருப்பத்தில் இறங்கி, வரப்பும் வண்டிப்பாதையுமாக நடந்து சேர வேண்டிய ஊர் அது. மாமனாருக்கு ஏரிப் பாசனத்தில் நெல் நிலம் இருந்தது. என் கணவருக்குக் காஞ்சிபுரத்தில் அரசாங்க ஆபீசில் குமாஸ்தா வேலை. காலையில் முதல் பஸ்ஸுக்கு ஓடுவார், விளக்கு வைத்த பிறகு திரும்புவார். நடுவில் இருக்கிற பகல் முழுக்க நானும் என் மாமியாரும்தான்.

சென்னையில் எம்.பி.பி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருந்த வருஷத்தில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். "மேல படிக்கணும்னு ஆசைப்படுறா" என்று அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார். "படிக்கட்டுமே, எங்க வூட்டுக்குப் பெருமதான" என்றார் மாமனார். பெண் பார்க்க வந்த இடத்தில் சொல்கிற வார்த்தைக்கு, தட்டில் இருக்கிற பஜ்ஜி ஆறுகிற வரைக்கும்தான் ஆயுள் என்று எனக்கு அப்போது தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் தலையாட்டினார்.

மேல்படிப்பு என்றால் எனக்கு ஒன்றே ஒன்றுதான். மகப்பேறு மருத்துவத்தில் எம்.டி. வேறு எந்தப் பிரிவு கொடுத்தாலும் வேண்டாம் என்று விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். தேர்வானவர்கள் பட்டியலைச் சென்னை ஆபீசில் ஒட்டுவார்கள். ஒட்டியதும் கெடுவுக்குள் போய்ச் சேர வேண்டும். சேரவில்லை என்றால், அந்த சீட்டு காத்திருக்கிறவர்களில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பட்டியல் இதோ வருகிறது, அதோ வருகிறது என்றார்கள். யாரோ வழக்குப் போட்டிருக்கிறார்கள் என்றார்கள். மாதங்கள் போயின. நான் நெல் புழுக்கக் கற்றுக்கொண்டேன்.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்றுதான் அந்த ஊரில் அர்த்தம். "படிச்சிட்டு வூட்ல சும்மாதான் கீது" என்று என் காதுபடவே சொல்வார்கள். காலையில் சாணி தெளித்து, நாஷ்டா செய்து, களத்து ஆட்களுக்குக் கூழ் கரைத்து அனுப்பி, மத்தியானம் மாமியார் கண்ணயரும்போது பாடப் புத்தகத்தை எடுப்பேன். அதைப் பார்த்துவிட்டு மாமனார், "பரீச்சதான் பாசாயிட்டியேம்மா, இன்னும் இன்னா படிக்கிறே?" என்று உண்மையாகவே புரியாமல் கேட்பார். பட்டம் வாங்கிய பிறகும் படிக்கிறவள் ஏதோ தேறாதவள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஊர்ப் பெண்கள் வாசல் வழியாக வந்து மாத்திரை கேட்பார்கள். காலனிப் பெண்கள் வாசலுக்கு வர முடியாது. பின்பக்கம் எருமைக் கொட்டகையோரம் வந்து நிற்பார்கள். அவர்களை அங்கேயேதான் பார்க்க வேண்டும், தொட்டால் குளித்துவிட்டு உள்ளே வர வேண்டும். "ஆஸ்பத்திரில நீ இன்னா வேணா பண்ணிக்கினு இரு, இது வூடு" என்றார் மாமியார். நான் தொட்டேன், குளித்தேன். ஒரு நாளைக்கு எத்தனை தரம் குளிக்கிறேன் என்று பார்த்துவிட்டு, "ஒடம்புக்கு ஆவாது, கொஞ்சமா வைத்தியம் பண்ணு" என்று எனக்காகக் கவலைப்பட்டார். இப்படித்தான் அவர். அவருடைய கெடுதலும் நல்லதும் ஒரே வாயிலிருந்து வரும். அதனால்தான் அவரை வெறுக்க என்னால் கடைசிவரை முடியவில்லை. முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அறுவடைக்கு வந்த காலனிப் பெண் ஒருத்திக்குக் களத்திலேயே வலி எடுத்துவிட்டது. என்னைக் கூப்பிட்டார்கள். ஓடினேன். குழந்தை குறுக்கே கிடந்தது, கை வெளியே வந்துவிட்டிருந்தது. என்ன என்று கண்டுபிடிக்கிற அளவுக்கு நான் படித்திருந்தேன். என்ன செய்வது என்று கை வருகிற அளவுக்குப் படித்திருக்கவில்லை. கையில் கருவியும் இல்லை, மயக்க மருந்தும் இல்லை. மாட்டு வண்டியில் ஏற்றி உத்திரமேரூருக்கும், அங்கிருந்து யாருடைய காரிலோ காஞ்சிபுரத்துக்கும் அவளை அனுப்பினோம். அவள் பிழைத்து வந்தாள், குழந்தை வரவில்லை. திரும்பி வந்த பிறகு என்னைப் பார்த்தபோதெல்லாம் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு எனக்கு அறை வாங்குகிற மாதிரி இருந்தது. எனக்கு அந்த சீட்டு எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

அவர்கள் கேட்டது வேறு. "இன்னாம்மா, விசேஷம் எதுனா கீதா?"

கிணற்றடியில் கேட்டார்கள், கோயிலில் கேட்டார்கள், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கேட்டார்கள். தென்னேரியிலிருந்து மாமியாரின் தங்கை வருவார். செருப்பைக் கழற்றும்போதே என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே கேட்பார். கர்ப்பம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கண் பட்டுவிடும். விசேஷம்தான். புதிதில் ஒருமுறை நான், "இன்னும் லிஸ்ட் போடலைங்க" என்று பதில் சொல்லிவிட்டேன். கேட்ட அம்மாள் திகைத்துப்போய், "அதுக்குமா லிஸ்டு போடறாங்க?" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இதை என் சிநேகிதிக்கு எழுதினேன். என்னோடு ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தவள். அவளும் சென்னையில் தன் வீட்டில் அதே பட்டியலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள். மாசத்துக்கு ஒருமுறை ஆபீசுக்குப் போய் அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு எனக்கும் சேர்த்து விசாரித்து எழுதுவாள். நான் கார்டு எழுதினால் எல்லோரும் முடிக்கிற மாதிரி, 'இங்கு வேறு விசேஷம் ஒன்றுமில்லை' என்றுதான் முடிப்பேன். அவளுக்கு அது போதும். 'எந்த விசேஷம் இல்லைடி? உன் மாமியார் விசேஷமா, நம்ம விசேஷமா?' என்று பதில் போட்டாள். அன்றிலிருந்து எங்கள் கார்டுகளில் 'நம்ம விசேஷம்' என்றால் சீட்டு. ஊர் எங்களைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை நாங்கள் திருப்பிப் பிடித்துக்கொண்டதில் ஒரு அற்ப சந்தோஷம்.

அவசரமென்றால் கூப்பிட உத்திரமேரூர் கடைத்தெருவில் ஓர் உரக்கடையின் போன் நம்பரை அவளுக்குக் கொடுத்திருந்தேன். மாமனார் அந்தக் கடையில்தான் உரம் வாங்குவார், கடைக்காரர் தெரிந்தவர். "சீட்டு விஷயத்தை வீட்டில் நானே சொல்லிக்கொள்கிறேன், கடைக்காரர் வாயால் அவர்களுக்குத் தெரிய வேண்டாம்" என்றும் எழுதியிருந்தேன். தெரிந்தால் நான் கிளம்புவதற்குள் மாமனார், மாமியார், தென்னேரிக்காரர் எல்லோரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். அந்த முடிவு என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இதற்கிடையில் எனக்கே நாள் தள்ளிப்போயிற்று.

வீடு தலைகீழானது. மாமியார் என்னைக் குடம் தூக்க விடவில்லை, கொட்டகைப் பக்கம் போக விடவில்லை. புளிப்பு மாங்காய் தேடி ஆள் அனுப்பினார். ஊரெல்லாம் போய்ச் சொன்னார். எனக்குச் சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஆனால் சந்தோஷத்துக்கு நடுவில் பட்டியலை நினைத்துக்கொண்டே இருந்தேன். வயிற்றோடு போய்ச் சேரலாமா, லீவு கொடுப்பார்களா என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாசம் கலைந்துவிட்டது. என்ன நடக்கிறது என்று மற்ற எல்லோருக்கும் முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. படித்ததில் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

அந்த நாட்களில் மாமியார் என்னைப் பார்த்துக்கொண்ட மாதிரி என் அம்மாகூடப் பார்த்திருக்க மாட்டாள். பூண்டைச் சுட்டு ஊட்டினார். துணி துவைத்தார். என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை வரவில்லை. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தால் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார். அது மட்டுமில்லை, 'விசேஷம்' என்கிற வார்த்தையையே அந்த வீட்டில் நிறுத்திவிட்டார். தென்னேரிச் சித்தி வந்து வழக்கம்போல வாயைத் திறந்தபோது, "அந்தப் பேச்ச இங்க எடுக்காத, பொண்ணு மனசு நொந்துக்கினு கீது" என்று தங்கையையே வாசலோடு நிறுத்தினார். தெருவில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும், யாருக்கு வளைகாப்பு என்றாலும் எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார். "இவளுக்கு மறுபடி நிக்கிற வரிக்கும் ஊரு சேதி எதுவும் இவ காதுக்கு வரக்கூடாது" என்று மாமனாரிடம் சொன்னதை நானே கேட்டேன். கேட்டுவிட்டு அழுதேன். நன்றியில்தான் அழுதேன். இப்போது நினைத்தால் அந்த அழுகையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது.

பஸ்ஸில் குலுங்கக் கூடாது என்று என்னை உத்திரமேரூருக்குக்கூட அனுப்பவில்லை. நடவு நடந்தது, களை எடுத்தார்கள். கார்டும் வரவில்லை. அவளும் என்னைப்போல அலுத்துப்போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் கணவர் ஆபீசிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "எங்க ஆபீஸ்ல ஒருத்தர் தம்பிக்கு டாக்டர் பி.ஜி. கெடைச்சி சேந்துட்டானாம். அந்த லிஸ்டுதானா உங்களுது?" என்றார். மழை பெய்ததாமே என்பது போலக் கேட்டார். மறுநாள் முதல் பஸ்ஸில் நான் சென்னைக்குப் போனேன். மாமியார் தடுத்தார், நான் நிற்கவில்லை.

ஆபீஸ் பலகையில் பட்டியல் வெயிலில் பழுத்துப்போய் ஒட்டியிருந்தது. மகப்பேறு என்ற தலைப்பின் கீழ் என் பெயர் இருந்தது. இருந்தது என்று பார்த்த அந்த நொடியில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. அப்புறம்தான் கெடுத் தேதியைப் பார்த்தேன்.

உள்ளே இருந்த குமாஸ்தா டீ குடித்துக்கொண்டே காகிதக் கட்டைப் புரட்டினார். "பேர் வந்துச்சேம்மா. நீங்கதான் வந்து சேரல. அடுத்தவங்களுக்குக் குடுத்தாச்சு."

"எனக்குத் தகவலே வரலைங்க."

"பலகையில ஒட்டினா எல்லாருக்கும் தகவல்தாம்மா." டம்ளரைக் கீழே வைத்தார். "கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"அப்ப என்ன, விடுங்க" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

சிநேகிதி வீட்டுக்குப் போனேன். அவளுக்கு மதுரையில் கிடைத்து, சேர்ந்தும்விட்டாள் என்றார் அவள் அம்மா. "உனக்கும் கெடைச்சிருக்குன்னு ஒரே குதி. டிரங்க் கால் போட்டுச் சொன்னாளே. நீயும் சேர்ந்திருப்பேன்னுல்ல நெனச்சோம்?" என்று கையில் காபியோடு நின்றார். அந்தக் காபியை நான் குடித்தேனா இல்லையா என்று நினைவில்லை.

உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் இறங்கி நேரே உரக்கடைக்கு நடந்தேன். கடைக்காரர் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. போன் வந்ததா என்று கேட்டேன்.

"வந்துச்சேம்மா. ஒங்க கூடப் படிச்ச டாக்டரம்மா பேசிச்சி. லைன்ல ஒரே எரைச்சலு. 'விசேஷம்னு சொல்லுங்க, ஒடனே கெளம்பி வரச் சொல்லுங்க'ன்னு கத்திச்சி. சரிதான், அந்தம்மா முழுவாம கீது போலன்னு நெனச்சிக்கினேன். அன்னிக்குன்னு ஒங்க மாமியாரு கடத்தெருவுக்கு வந்திருந்தாங்கோ. அவங்ககிட்ட சொன்னேன்." கொஞ்சம் தயங்கினார். "'அவ காதுல போட்டுறாத நைனா, பச்சப் புண்ணு, நானே பக்குவமா சொல்லிக்கிறேன்'னாங்கோ. நல்ல மனசும்மா அவங்களுக்கு."

நல்ல மனசு. அதில் எனக்கு இன்றுவரைக்கும் சந்தேகமில்லை.

பின்னால் என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆபீசிலிருந்து கடிதம் கெடு முடிந்த பிறகு நிதானமாக வந்து சேர்ந்தது. கணவர், "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. மறைக்கத் தெரியாத மனிதர். அன்றைக்கு இரண்டாம் தரம் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த வருஷம் நேர்முகத் தேர்வுக்கு எனக்கு நிறைமாசம். அதற்கடுத்த வருஷம் கையில் ஒன்று, வயிற்றில் ஒன்று. அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை கிடைத்தது, அதிலேயே தலை நரைத்தது. குறுக்கே கிடக்கிற குழந்தைகளை வேறு ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பிக்கொண்டே என் காலம் போயிற்று. சிலர் இருவராகத் திரும்பி வந்தார்கள், சிலர் ஒருவராக. என் சிநேகிதி பெரிய மகப்பேறு நிபுணரானாள். 'சீட்டு கிடைத்துவிட்டது' என்று சொல்ல அவளுக்கு என்ன கேடு என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நான்தானே கடைக்காரர் வாயால் வேண்டாம் என்று எழுதினேன் என்று அவள் திருப்பிக் கேட்ட பிறகும் ஆறவில்லை.

அன்று சாயங்காலம் உரக்கடையிலிருந்து நான் வீடு சேர்ந்தபோது மாமியார் களத்தில் காயவைத்த புழுங்கல் நெல்லை வாரிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கூடையைப் போட்டுவிட்டு வந்தார்.

"போன் வந்ததை ஏன் அத்தை சொல்லலை?"

அவருக்கு முகம் செத்துப்போயிற்று. பொய் சொல்லத் தெரியாது. "அந்தக் கடக்காரன் சொல்லிட்டானா" என்றார். "ஒன் சிநேகிதிக்கு விசேஷம், வளையல் போட கூப்புடுதுன்னு நெனச்சேம்மா. இப்பத்தான் நீ எய்ந்து நடமாடறே. ஒன் காதுல உயுந்தா மறுபடி ஒடஞ்சி பூடுவியேன்னு வாய மூடிக்கினு கீறேன். அன்னியிலேர்ந்து நான் துன்ற சோறு எனக்கு ஒட்டல."

"அது அவளுக்கு இல்லை. எனக்கு." என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. "எனக்கு சீட்டு கெடைச்சிருந்தது அத்தை. மேல்படிப்பு. அதைத்தான் அவ விசேஷம்னு சொன்னா. போய்ச் சேரலைன்னு வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. போச்சு. எல்லாம் போச்சு."

அவர் நெல் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். என் பக்கத்தில் வந்து, முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். நான் விலகவில்லை, விலகுகிற தெம்பு இல்லை.

"நான் இன்னாத்தம்மா கண்டேன்" என்றார். "பொம்பளைக்கு வேற இன்னா விசேஷம் கீது?"

சமாதானத்துக்காகச் சொன்ன வார்த்தை இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, நான் சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.